லீவு ஃபோல்டர்

இருங்க சார், அதுல கை வைக்காதீங்க. பழைய டொமைன்தானே, இப்பவே மூடணும்னு என்ன தலை போற அவசரம்? உக்காருங்க. கதை தெரியாம மூடிட்டுப் போயிடுவீங்க, நாளைக்கு என் தலைதான் உருளும்.

லிஃப்ட் உதிரி பாகம் விக்கிற கம்பெனிக்கு எதுக்கு மூணு டொமைன்னு கேட்டீங்கல்ல? மூணு தடவை பேரு மாத்திட்டாரு மொதலாளி. ஆளு அதே ஆளு, அழுக்கு நாற்காலியும் அதே நாற்காலி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு டொமைன், அதுல இன்ஃபோன்னு ஒரு மெயில் முகவரி. மூணுக்கும் வர்ற மெயிலும் ஒரே பெட்டியில விழற மாதிரி வச்சது நான்தான். எட்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு.

அதான் வெனை. தொறக்காத மெயில் கறுப்பா, தடிமனா இருக்கும். ஒருத்தர் தொறந்தா போதும், எட்டு பேருக்கும் வெளுத்துடும். வெளுத்ததை எவன் பாப்பான்? அவன் பாத்திருப்பான்னு இவன், இவன் பாத்திருப்பான்னு அவன். லிஃப்ட் பாதியில நிக்குதுன்னு கஸ்டமர் கத்துவாரு, இங்க எட்டு பேரும் கையை விரிப்பாங்க. எல்லாருக்கும் பொதுன்னா யாருக்கும் இல்லன்னு அர்த்தம் சார்.

இதுல லீவு கேக்கறதும் அதே பெட்டிக்குத்தான். சொந்த மெயில்ல இருந்து, சிங்கக்குட்டி, மின்னல்னு கண்ட பேருல அனுப்புவாங்க. தலைப்புல வெறும் அக்கான்னு இருக்கும். நான் எல்லாருக்கும் அக்கா. என்னை விட ஏழு வயசு மூத்த ஸ்டோர்காரருக்கும் அக்கா! கடுப்புல ஒரு பதிலை எழுதி ரெடியா வச்சுக்கிட்டேன். ஒரு பட்டனைத் தட்டினா பதிலும் போயிடும், மெயிலும் லீவு ஃபோல்டருக்குப் போயிடும்.

அக்கான்னு கூப்பிட உரிமை உள்ளவன் ஒருத்தன் இருந்தான். கூடப் பொறந்த தம்பி. அம்மா போனப்ப வரல. அன்னிக்கே அவன் நம்பரை என் போன்ல பிளாக் பண்ணினேன். நாலு வருஷம். போன வருஷம் அவனும் போயிட்டான், ஏதோ ஆபரேஷன்ல. மூணாம் நாள் அவன் சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். போய் அவன் போட்டோ முன்னாடி நின்னு திட்டினேன். சாகப் போற நேரத்துலயும் ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே, அவ்வளவு கொழுப்பாடான்னு கேட்டேன். அழல சார். ஒரு வருஷமா அழல.

இல்ல இல்ல, டொமைனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. கேளுங்க.

போன வாரம் நீங்க பெட்டியைப் புது சர்வீஸுக்கு மாத்தினீங்கல்ல, பழைய மெயிலெல்லாம் மறுபடி கறுப்பா வந்து நின்னுச்சு. சனியன்னு உங்களைத் திட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா வெளுக்க ஒக்காந்தேன். லீவு ஃபோல்டர்ல ஒண்ணு, பழைய டொமைனுக்கு வந்தது. பாவி, என் பழைய விசிட்டிங் கார்டை வச்சிருந்திருக்கான். தலைப்பு, அக்கா. மொத வரி, ரெண்டு நாள் லீவு கெடைக்குமா?

அவனுக்கு இல்ல, எனக்கு லீவு கெடைக்குமான்னு கேட்டிருக்கான் சார். கீழ படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். வியாழக்கிழமை ஆபரேஷன், கூட இருக்க ஆளில்ல, நீ வந்தா தைரியமா இருக்கும்னு எழுதியிருக்கான். அனுப்பினவன் பேரைப் பாத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும். கட்டெறும்பு. நான் வச்ச பேரு.

எட்டு பேருல யாரு தொறந்ததுன்னு தேட வேண்டிய அவசியமே இல்ல. கீழயே இருக்கு என் பதில். லீவு கிடையாது. இந்த முகவரிக்கு இனி எழுதக் கூடாது. வேண்டுமானால் நேரில் வந்து கேட்கவும்.

மூடிடுங்க சார். எழுதாதேன்னேன், எழுதல. ஜென்மத்துல அவன் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.