மத்தியானத்துக் கம்ப்யூட்டர்

இது கம்ப்யூட்டரா தங்கச்சி? இல்ல, கேக்கறேன்... இது கம்ப்யூட்டரா? பேயி! உள்ள பேயி பூந்துகினு கீது. போட்டா அப்டி உறுமுது. ஹார்பர் கேட்டாண்ட கண்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு உறுமும் பாரு, அதே சத்தம். இத்த வாங்கறதுக்கா காலடிப்பேட்டைலேர்ந்து ஆட்டோ வச்சிகினு ராயபுரத்துக்கு வந்த? ஐயோ பாவம். குந்து, குந்து. பேன் போடறேன். பூவம்மான்னுதானே சொன்ன? நான் வியாகுலம்மாள்.

இத்த விக்கணும்னு சொன்னது எம் பொண்ணு லூர்து. அது ஆபீஸ் போயி சம்பாரிச்சி, மடியில வச்சிக்கிற கம்ப்யூட்டரு வாங்கிகிச்சி. வர ஞாயித்துக்கெழம லூர்த பொண்ணு பாக்க எண்ணூர்லேர்ந்து வராங்க. "யம்மா, அதுக்குள்ள இந்த தொந்திப் பொட்டி வூட்ட வுட்டு போவணும், அங்க ஒரு பூ ஜாடி வைக்கணும்"னு ஒத்தக்கால்ல நிக்கிது. பூ ஜாடியாம்! ஹார்பர் கரித்தூசி வந்து படியற எடத்துல எந்தப் பூவு ரெண்டு நாளு வெள்ளையா இருந்திச்சி, நீயே சொல்லு?

நானா இருந்தா விக்கவே மாட்டேன்... ஐயே, நல்ல சாமான்னு சொல்ல வரல! மோசமான சாமான்தான். ஆனா பழகிப்போச்சி. மத்தியானத்துல வூட்ல நான் ஒருத்தி, இது இன்னொருத்தி. அவ்ளோதான்.

இது வந்த கதைய கேளேன். தொண்ணூத்தொம்போதுல வாங்கினது. எங்க வூட்டுக்காரு சவரிநாதன், ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு... ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போயி, ஒரு கடையில ஸ்க்ரீனு, ஒரு கடையில பொட்டி, ஒரு கடையில வயருன்னு வாங்கி, மீன் கூடை ஏத்தற ட்ரைசைக்கிள்ல வச்சி இட்டாந்தாரு. தெருவே கூடிப்போச்சி. அதோட வுட்டாரா மனுசன்? காசிமேட்ல கடல்ல புது போட்டு எறக்கினா சர்ச்சு பாதர கூப்ட்டு மந்திரிப்பாங்கல்ல? "இதுக்கும் மந்திரிச்சாத்தான் ஆச்சி"ன்னு நின்னுட்டாரு. பாதர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் ரெண்டு சொட்டு தெளிச்சாரு. நம்மாளு, "இன்னும் தாராளமா சாமி, போட்டுக்கு தெளிக்கற மாரி!" பாவம், பாதரும் தெளிச்சிட்டாரு. கீபோர்டு அன்னிக்கே பூட்ச்சி.

அதே வருசக் கடைசியில, ரெண்டாயிரம் பொறந்தா ஒலகத்து கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி கெட்டுப்போவும்னு பேப்பர்ல போட்டான். அவ்ளோதான்! இவரு வயர புடுங்கி, பெட்ஷீட்ட போத்தி, கட்டிலுக்கு அடியில தள்ளி, புயலுக்கு போட்ட கட்டற மாரி கயிறு வேற கட்டிட்டாரு. ஒண்ணியும் ஆவல. அந்த முடிச்ச அவுக்கறதுக்குத்தான் நாங்க பேஜாராயிட்டோம்.

இன்னா கேட்ட? வேல செய்யுதாவா? ஒரு நாளு செய்யும், ஒரு நாளு செய்யாது. உப்புக்காத்து பட்டு பின்னாடியெல்லாம் துரு. உள்ள எறும்பு வூடு கட்டிகினு கீது. சூடா கீதுன்னு பூனை வேற மேல ஏறி படுத்துக்கும். உம் புள்ள காலேஜி சேரப்போறான்றியே, அவனுக்கு எதுக்கு தங்கச்சி இந்த ரோதனை? இந்த மாரி பொட்டிக்கே இனிமே காலம் இல்லியாம். இன்னும் கொஞ்ச வருசத்துல எல்லாமே செல்போனுக்குள்ள பூந்துடும்னு லூர்து சொல்லுது.

பூந்துக்கட்டும். ஆனா ஒண்ணு... பிளஸ் டூ ரிசல்ட்டு வந்தப்போ இந்தத் தெரு மொத்தமும் இந்த ரூமுக்குள்ள நின்னுச்சி. பாஸுன்னு வந்தா எல்லாரும் கத்தினோம். எதுத்த வூட்டு பொண்ணு பெயிலுன்னு வந்திச்சி, எல்லாரும் சேந்து அழுதோம். கைக்குள்ளயே வந்துட்டா, அவங்கவங்க ஒரு மூலையில நின்னு தனியா சிரிச்சிக்கணும், தனியா அழுதுக்கணும். ம்... நமக்கு இன்னா.

இன்னாது, போட்டு காட்டணுமா? வோணாம், ஷாக்கு கீக்கு அடிச்சிடப்போவுது... சரி, சரி, போடறேன். காத பொத்திக்கோ. இப்ப உறுமும் பாரு... இப்ப பாரு...

அடப்பாவி! இன்னிக்கின்னு பாத்து சத்தமே இல்லாம வருதே! மானத்த வாங்குதே! சிரிக்காத தங்கச்சி.

சரி, உள்ளத சொல்லிடறேன். கிட்ட வா. இதுல சீட்டாட்டம் கீது. தோ பாரு. எங்க வூட்டுக்காரு சாப்ட்டதும் பாலத்தாண்ட சீட்டாட போயிடுவாரு. கல்யாணமான புதுசுல கூப்ட போனவ, அவரு கையில இருக்கற சீட்ட பாத்துட்டு, "அந்த ராணிய எறக்குய்யா"ன்னேன். அத்தினி ஆம்பளையும் திரும்பி மொறச்சான். "பொம்பளைக்கி சீட்ல இன்னா வேல"ன்னு தொரத்திட்டாங்க. அந்த ராணிய எறக்கித்தான் அவரு கெலிச்சாரு, அத்த ஒருத்தனும் வெளிய சொல்லல! அதோட நான் சீட்ட தொடல. இது வந்தப்பறம்தான்... கூட ஆடறதுக்கு நாலு பேரு வோணாம், எவனும் மொறைக்க மாட்டான். செவப்பு மேல கறுப்பு, கறுப்பு மேல செவப்பு. கெலிச்சா எல்லா சீட்டும் குதிச்சி குதிச்சி வுழும் பாரு, மழையாட்டம்! வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. காலு சத்தம் கேட்டா ஸ்க்ரீன அமத்திட்டு தூசி தொடைப்பேன். துரு, எறும்பு எல்லாம் சொம்மா சொன்னது.

ஆனா உம் புள்ள படிக்கணும். அதுக்கு மேல நான் இன்னா பேசறது? எடுத்துகினு போ தங்கச்சி. மனசாரத்தான் சொல்றேன். எடுத்துக்கறியா? சரி.

ஒரே ஒண்ணு. அவன் மத்தியானம் காலேஜில இருப்பான்ல? இது உன் வூட்ல சொம்மாதானே கெடக்கும்? ஒரே பஸ்ஸு. சாப்ட்டு கெளம்பி வந்தேன்னா, உங்கூட பேசிகினே ஆடிட்டு, அவன் வரதுக்குள்ள திரும்பிடுவேன். டெய்லி வரேன். ஞாயித்துக்கெழம மட்டும் பூசை, அன்னிக்கி வரமாட்டேன். நீ ஒண்ணியும் செய்ய வோணாம், டீ போதும். பேசறதுக்கு இன்னும் எவ்ளோ கீது... எங்க நாத்தனாரு கதையே ஒரு மாசம் ஓடும்!

இன்னா ஏந்துட்ட? ஆட்டோக்காரனா? அவன் கூப்டலியே... புள்ளைய கேட்டு சொல்றியா? இப்பதானே எடுத்துக்கறேன்ன? தங்கச்சி! ஏய் பூவம்மா! அது என் செருப்பு! படியில மெதுவா போ, வுழுந்துடப் போற!

...போயே பூட்டா. இவ்ளோ நேரம் பொய்யா அவுத்து வுட்டேன், அசையாம குந்திகினு இருந்தா. கூட வரேன்னு ஒரே ஒரு உண்மைய சொன்னேன், ஓடிட்டா.

சரி, லூர்து வரதுக்குள்ள ஒரு ஆட்டம்.