பிரெசென் வீட்டு ஃப்ரீசரில் இருந்த ஈரல்

தலைமை ஏற்றிருக்கும் மேயர் ஃபெர்மினா அவர்களே! படியேற எனக்குக் கை கொடுத்த பாதிரியார் அவர்களே! முயல் வளர்த்து முதுகு வளைந்த பெரியோர்களே! கூண்டு கழுவிக் கை காய்த்த தாய்மார்களே! என்னை விட்டுவிட்டு அடுப்பில் வேகும் சோற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! சான் ரோக்கே திருவிழாவைத் தொடங்கிவைக்க அழைத்த வால்தெலீனா மக்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

களைத்துப்போய் வந்திருக்கிறேன். முயல்களின் கொள்ளைநோயை விரட்டிய மருத்துவர் என்று அறிவித்தார்கள். விரட்டினேனா? முப்பது ஆண்டுகள் துரத்தினேன். நோய் வேடம் மாற்றியது. நான் மருந்தை மாற்றினேன். நோய் மறுபடி வேடம் மாற்றியது. இதில் வென்றவர் யார்?

என்ன ஐயா, சத்தம் போதவில்லையா? மிச்சமிருக்கும் சத்தமே இவ்வளவுதான். மைக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

இந்தக் கிருமி குடுவையில் வளராது, முயலின் உடம்பில்தான் வளரும். செத்த முயலின் ஈரலை அரைத்து, அதிலுள்ள கிருமியைக் கொன்று மருந்து செய்தோம். ஆயிரம் பிழைக்க ஒன்று செத்தது. உங்களுக்குத் தெரியாததா? எத்தனை ஈரலை என் கையில் தந்திருப்பீர்கள்!

ஒரு வசந்தகாலத்தில், இதே ஊரில் முயல் வளர்த்துவந்த பிரெசென் என் வாசலுக்கு வந்தாள். அவள் கூடையில் இருபது நாள் குட்டிகள் ஏழும் செத்துக் கிடந்தன.

"டாக்டரம்மா, பழைய நோய்தான் திரும்ப வந்திருக்கு. தாய்க்கு ஊசி போட்டாச்சு, அப்படியும் குட்டிங்க போயிருச்சு."

நான் கூடையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பால்குடி மறக்காத குட்டியை அந்த நோய் தொடாது, பிரெசென். மருந்தை வெயில்ல வச்சிருப்ப. வேற ஏதோ அழுக்குல செத்திருக்கு."

"ஃப்ரிட்ஜ்ல ஆலிவ் டப்பா பக்கத்துலதாம்மா வச்சிருந்தேன்."

"அப்போ உன் கூண்டைக் கழுவு."

இதைச் சந்தை நாளில், எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் முயலை யாரும் வாங்கவில்லை. அழுக்குக்காரி என்றது இந்த ஊர். முதலில் சொன்ன வாய் யாருடையது? என்னுடையது!

நான்கு மாதத்தில் உங்கள் எல்லார் குட்டிகளும் செத்தன. நோய் புதுவேடத்தில் வந்திருந்தது. அதன் முதல் தடம், முதலில் செத்த குட்டிகளின் ஈரல், வேண்டும் என்று ஆய்வகம் அலைந்தது. வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே ஏழு ஈரல்கள், தனித்தனிப் பொட்டலமாக, தேதி எழுதி.

"எதுக்கு வச்சிருந்த?" என்றேன்.

"நீங்க என்னிக்காவது கேப்பீங்கன்னுதான்."

புதிய மருந்தின் முதல் துளி அங்கிருந்து வந்தது. ஆயிரம் கூண்டுகள் நிறைந்தன. அவள் கூண்டு மட்டும் இன்றுவரை காலி.

கைதட்ட வேண்டாம். எனக்குத் தரும் இந்தப் பரிசுப் பலகையில் என் பெயரைப் பொறித்திருக்கிறீர்கள். இதை நான் எப்படி வாங்குவேன்? இது பிரெசெனுக்குச் சேர வேண்டியது. செத்த குட்டியோடு வந்தவளைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்த கண் இது! அழுக்கு கூண்டில் இல்லை, என் சொல்லில் இருந்தது. கேட்ட அதே ஊரின் முன் சொல்கிறேன்: கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரெசென், என்னை மன்னித்துவிடு.

என்ன சொல்கிறாள்? கேட்கவில்லை, யாராவது சொல்லுங்கள்.

"பலகை வேண்டாமாம் டாக்டரம்மா. நாளைக்கு ஒரு சோடி முயல் வாங்கப் போறாளாம், ஊசி போட உங்களையே வரச் சொல்றா."

வருகிறேன், பிரெசென். மருந்தை நானே சுமந்து வருகிறேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. சோறு குழைவதற்குள் இறங்குகிறேன். திருவிழா தொடங்கட்டும், வணக்கம்.