மூக்கு வெச்ச நிலா

கூடவே உக்காந்து ஒரே டப்பால சாப்பிட்டவ, என்னைக் காட்டிக் குடுத்துட்டு இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறா. இதானே சிஸ்டர் நீங்க சொன்னது? மூணாவது மாடி வராண்டால, எல்லார் முன்னாடியும். ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே எங்கிட்ட ஒப்பிச்சாங்க. கண்ணாடி சிஸ்டர்தான், நீங்க யாரைச் சொன்னீங்களோ அவங்களேதான். போன திங்கக்கிழமை அத்தையைக் காட்டக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பிரஷர் பாக்கிறேன்னு மூணு தடவை பம்ப் அடிச்சாங்க, மூணு தடவையும் அவங்க காதுல ஒண்ணும் விழலை. மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தா எங்கேருந்து விழும்? அத்தை பயந்தே போயிட்டாங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சு, அதான் இந்தப் பொண்ணு சொல்ல முடியாம அழுதுன்னு.

இல்ல இல்ல, நான் பஞ்சாயத்து பண்ண வரலை. ஃபைல் வாங்கத்தான் வந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அத்தை உங்க வார்டுல இருந்தாங்களே, அந்த ஃபைல். புது டாக்டர் கேக்கறார். சீட்டை இந்தக் கம்பிக்குள்ள வெச்சிருக்கேன் பாருங்க. மெதுவா தேடுங்க, எனக்கு அவசரமில்ல. அவசரமில்லன்னு நான் சொன்னதை எங்க வீட்ல யாராவது கேட்டா மயங்கி விழுந்துடுவாங்க.

ஆமா, நிர்வாக அதிகாரி வீட்டுக்காரிதான். மறந்திருப்பீங்களோன்னு நெனைச்சேன். அதுக்காக அந்த மேடம் எல்லாம் வேண்டாம்.

இந்த ரெக்கார்ட் ரூம்ல ஒரு ஜன்னல் கூடக் கிடையாதா? காத்து எங்கேருந்து வருது, இந்த ஃபைலுக்குள்ளேருந்தா? இருபது வருஷம் வார்டுல ஓடின காலைக் கொண்டு வந்து இந்த ஸ்டூல்ல மடக்கி வெச்சிருக்காங்க. ஆர்டர்ல என்ன காரணம் போட்டாங்க? பணி வசதி கருதியா. யாரோட வசதின்னு போடலை, இல்ல? போட மாட்டாங்க. அந்த மாதிரி வாக்கியமெல்லாம் எங்க பொறக்குதுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். பாதி எங்க சாப்பாட்டு மேஜைலதான் பொறக்குது.

விளையாட்டுக்குச் சொல்லலை. வருகைப் பதிவு மெஷின் பக்கத்துல பச்சைப் பெட்டி இருக்கே, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், பெயர் எழுத வேண்டாம்னு ஒட்டி. அந்த வாசகமே நான் எழுதிக் குடுத்ததுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் பெட்டியைத் தொறந்து, சீட்டையெல்லாம் ஒரு துணிப்பைல அள்ளிப் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவார். சாவி அவர்கிட்ட. படிக்கிறது நான். அவருக்கு அடுத்தவங்க கையெழுத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமை இருந்தா பெட்டி எதுக்கு, நாலு மாடி ஏறி வந்து நேராவே கேட்டிருக்கலாமே. நான் கான்வென்ட்ல படிச்சவ, பிழையில்லாம எழுதுவேன், வீட்டுலயும் சும்மாதானே இருக்கேன். சும்மா. அது அவரோட வார்த்தை.

ஆறு வருஷம் சிஸ்டர். மூணு குவியலாப் பிரிப்பேன். கேண்டீன், டூட்டி, மத்தது. குழாய் ஒழுகுதுன்னு ஒருத்தர் நாலு பக்கம் எழுதியிருப்பார், அதுவும் ஒழுகிக்கிட்டேதான் போகும். டீல டீயைத் தவிர எல்லாம் இருக்குன்னு ஒருத்தர். எல்லாத்தையும் ஒரே பக்கமாச் சுருக்கி, குத்தற இடமெல்லாம் சீவிட்டு, டைப் அடிச்சுக் குடுப்பேன். எங்க முதுகு ஒடியுதுன்னு நீங்க எழுதினா, பணிச்சுமை குறித்து ஊழியர்கள் ஆர்வத்துடன் கருத்துத் தெரிவித்தனர்னு நான் எழுதுவேன். அந்த ஆர்வத்துடன் என் சொந்தச் சரக்கு. மீட்டிங்ல அதைத்தான் வாசிப்பாங்க. யாரோ பெரிய கமிட்டி உக்காந்து படிக்குதுன்னு நினைச்சீங்களா? கமிட்டி ஒரு கைல கரண்டியோட நின்னுக்கிட்டிருந்துச்சு.

வேண்டாவெறுப்பாச் செஞ்சேன்னு சொன்னா பொய். பிடிச்சுத்தான் செஞ்சேன். ஐநூறு பேர் மனசுல இருக்கறது என் மேஜைல பரப்பிக் கிடக்கும். எதை மேல கொண்டு போகணும், எதைக் குப்பைல போடணும்னு நான் முடிவு பண்ணுவேன். இப்ப சொல்றப்ப நாக்கு கூசுது.

உங்க சீட்டும் வந்துச்சு.

தேடுங்க, தேடுங்க. இப்படித் திரும்பிப் பாத்தீங்கன்னா எனக்குப் பேச்சு வராது.

எட்டு மணி நேர டூட்டியைப் பன்னெண்டாக்கினாங்களே, அந்த வாரம். ஊழியர்களைக் கலந்து பேசி எடுத்த முடிவுன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. நீங்க அரைப் பக்கம்தான் எழுதியிருந்தீங்க. கலந்து பேசின கூட்டம் காலைல பத்து மணிக்கு. ராத்திரி டூட்டி முடிச்சவ அப்ப தூங்கிட்டிருப்பா. பகல் டூட்டிக்காரி டாக்டர் பின்னாடி ஓடிட்டிருப்பா. அப்ப நீங்க யாரைக் கலந்து பேசினீங்க, நாற்காலியையா? எனக்கு மனப்பாடம். என்னால சீவ முடியாத சீட்டு அது ஒண்ணுதான். ஓரத்துல சின்னதா ஒரு சூரியன், ஒரு பாதிச் சூரியன், ஒரு நிலா. பாதிச் சூரியனைக் கோடு போட்டு அடிச்சிருந்தீங்க. நிலாவுக்குக் கீழ, முப்பத்தி நாலு படுக்கை, ஒரு சிஸ்டர்.

அதை எழுதினப்ப பக்கத்துல இருந்தது கண்ணாடி சிஸ்டர் மட்டும்தான். வாஸ்தவம். அதனால அவங்கதான் சொல்லியிருக்கணும்னு நீங்க நெனைச்சதுலயும் தப்பில்ல. ஆனா அந்த நிலா வேற ஒரு இடத்துலயும் இருக்கே சிஸ்டர்.

அத்தை டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு, படிக்கத் தெரியாதவங்களாச்சேன்னு ஒரு அட்டைல போட்டுக் குடுத்தீங்களே. காலைக்கு சூரியன், மத்தியானத்துக்கு பாதிச் சூரியன், ராத்திரிக்கு நிலா. ஒவ்வொண்ணுக்கும் கீழ எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி. ரெண்டு வருஷமா எங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. உங்க நிலாவுக்கு ஒரு மூக்கு இருக்கும். வேற யாரும் அப்படிப் போட்டு நான் பாத்ததில்ல.

வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிக்கலாம்னுதான் படியிறங்கி வந்தேன். தவறலை. சந்தோஷமாச் சொன்னேன், அட, இது நம்ம அத்தையைப் பாத்துக்கிட்ட சிஸ்டர்னு. அவர் தட்டுலேருந்து தலையைத் தூக்கி, நிச்சயமாவான்னார். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கணும். இருபத்தஞ்சு வருஷமா அந்த மனுஷன் நான் எதைச் சொன்னாலும் நிச்சயமாவாம்பார். பால் பொங்கிடுச்சுன்னாலும் நிச்சயமாவா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். நேரா போய் ஃப்ரிட்ஜ்லேருந்து அட்டையைப் பிச்சுட்டு வந்து சீட்டுப் பக்கத்துல வெச்சேன். ரெண்டு நிலா, ரெண்டு மூக்கு. குனிஞ்சு பாத்தார். கரெக்ட்னார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எப்படி இனிச்சுதுங்கறீங்க. வகுப்புல கேள்வி முடியறதுக்கு முன்னாடி கையைத் தூக்கறவ நான். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஆர்டர் வந்துடுச்சு.

அவர்கிட்ட பேசாம இல்ல. அவங்களை மறுபடி வார்டுக்குப் போடுங்கன்னு நாலு நாள் சண்டை போட்டேன். அது நிர்வாக விஷயம், உனக்கெதுக்குன்னார். ஆறு வருஷமா என் மேஜைல கிடந்த நிர்வாகம்.

இங்கேருந்து மூணாவது மாடிக்குத்தான் போறேன். காட்டிக் குடுத்தது நான்தான்னு கண்ணாடி சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன். நீங்க எந்த வராண்டால சொன்னீங்களோ அதே வராண்டாலயே, எல்லார் முன்னாடியும். நீங்க வர வேண்டாம். மத்தியானம் டப்பாவை எடுத்துட்டு அவங்க கீழ வந்தா, கதவைத் தொறங்க. அவ்வளவுதான்.

இதானா ஃபைல்? கிடைச்சுடுச்சா. குடுங்க. கையெழுத்து இங்கயா போடணும்? போட்டாச்சு.

அப்புறம், இன்னொண்ணு. புது டாக்டர் அத்தைக்கு ராத்திரி மாத்திரையை மாத்திட்டார். ரெண்டு இருந்தது ஒண்ணாயிடுச்சு. பழைய அட்டைல ரெண்டு புள்ளி இருக்கு. நானே ஒரு புது அட்டை போட்டேன், மூக்கெல்லாம் வெச்சு. இது அந்தப் பொண்ணு போட்ட நிலா இல்லன்னு அத்தை வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க. இன்னியோட மூணு நாள், ராத்திரி மாத்திரை உள்ள போகலை. எல்லாரையும் விட்டுட்டு உங்ககிட்ட கேக்க எனக்கு மூஞ்சி கிடையாது, தெரியும். இதோ, வெள்ளை அட்டை. பேனாவும் கொண்டு வந்திருக்கேன். ஒரு நிலா, கீழ ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான். எனக்காக இல்ல.

நான் வேணா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்.

சிஸ்டர்?

போட்டுக் குடுங்களேன், சிஸ்டர்.