நண்டுக்கு முந்திய நிமிஷம்

— பல்லு கிடுகிடு எண்டு அடிக்குது, ஜெகதீஷ். கதையைப் பேந்து சொல்லலாம், முதல் இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ.

— பரவால்லக்கா. விரல்தான் மடங்க மாட்டேங்குது. கப்பைப் பிடிக்க முடியல.

— பன்னிரண்டு டிகிரிக் கடல் தண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் கிடந்தா விரல் மடங்காதுதான். மூளை எப்பவோ மடங்கிப் போச்சு. இந்தாங்கோ, ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. நண்டுகள் சுகமோ?

— ஆயிரக்கணக்குல வந்திருக்குக்கா. இந்தக் கடல்பாலத்துக்கு அடியில தரையே தெரியல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முழங்கால் உயரத்துக்குக் கெடக்குது. ஒரு நண்டு ஓடு கழட்ட ஆரம்பிச்சுது. மூச்சைக்கூட மெதுவா விட்டுக்கிட்டு கேமராவை வெச்சுக் காத்திருந்தேன். கரெக்டா வெளிய வர்ற நேரம் பாருங்க, பின்னாடியிருந்து ஒரு திருக்கை வந்து மண்ணைக் கிளப்பி விட்டுடுச்சு. ஃபுல்லா புகை.

— திருக்கைக்குப் புண்ணியம். உடுப்பு மாத்தேக்க லைற்றடிச்சுப் படம் எடுத்தா நண்டுக்கும் வெக்கம் இருக்காதோ? எட்டு வருசமா நீங்களும் என்ர மனுசனும் செய்த வேலை அதுதானே. குடும்பகாரர் செய்யிற வேலையே இது?

— சுகிர்தன் அண்ணா இதைக் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.

— கேட்டவர், எட்டு வருசமும் கேட்டவர். கேட்டுப்போட்டு ஒண்டும் நடவாத மாதிரிப் போய் பற்றரியைச் சார்ஜில போடுவார். யாழ்ப்பாணத்து மனுசன், ஆயிரம் நண்டுக்குள்ள படுத்தெழும்பி, ஒரு நண்டைக் குசினிக்குக் கொண்டு வரேல்ல. நான் ஸ்பிரிங்வேல் சந்தையில வரிசையில நிண்டு வாங்கிக் கறி வைச்சா, சாப்பாட்டுக் கோப்பையில கிடக்கிறதைப் பிரட்டிப் பாத்து, "இது பெண் நண்டு, கமலினி" எண்டு பாடம் நடத்துவார்.

— என்கிட்டயும் சொல்வார்க்கா, "நான் படம் எடுத்த சாதியைத் தின்னமாட்டன்"னு.

— என்னை அந்த மனுசன் ஒரு படமும் எடுக்கேல்ல. அதாலதான் இருபத்திரண்டு வருசம் என்னைத் திண்டு முடிச்சவர்.

— அக்கா, நீங்க இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்தது எனக்கு டீ குடுக்கவா? அண்ணா போனதுக்கப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்னீங்களே.

— தேத்தண்ணி ஒரு சாட்டு. வாற மாதம் இவற்ற ஆட்டைத் திவசம், ஒரு வருசம் முடியுது. மகள் நிரூபா அண்டைக்கு அப்பான்ர வீடியோ போட்டுச் சனத்துக்குக் காட்டப் போறாளாம். அதுக்கு நீங்கள் தந்ததெல்லாத்தையும் இருந்து பாத்தனான். அறுபத்திமூண்டு வீடியோ.

— எல்லாத்தையுமா? எடுத்த எனக்கே தூக்கம் வரும்க்கா.

— எனக்கும் வந்தது. ஒரு நண்டு நடந்து போறதை இருபது நிமிசம் பாக்கிறதெண்டா லேசில்ல, பென்சன் எடுத்த ஆக்கள் பவுலிங் விளையாடுறது இதைவிடச் சூடா இருக்கும். நான் நண்டைப் பாக்கேல்ல, ஜெகதீஷ். இவற்ற கமராவில நண்டு மட்டும்தான் கிடக்கு. உங்கட கமராவிலதான் இவர் கிடக்கிறார்.

— தண்ணிக்குள்ளயா? மாஸ்க்கும் ஹூடுமா முகமே தெரியாதே.

— தண்ணிக்குள்ள இல்ல. இறங்க முதல் உந்தப் படியில நிண்டு உங்கட கமராவைச் சோதிப்பீங்கள் எல்லே? "இண்டைக்குத் திகதி இன்னது, தண்ணி பதின்மூண்டு டிகிரி, டார்னெய்ட்டில இருந்து வாற ஜெகதீஷ் வழக்கம்போல அரை மணித்தியாலம் பிந்தி" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிப்பார். அவற்ற குரல் எண்டு இந்த உலகத்தில மிச்சம் கிடக்கிறது அந்த ஒரு நிமிசத் துண்டுகள்தான்.

— ம்.

— அறுபத்திரண்டு வீடியோவில அது கிடக்கு. கடைசி வீடியோ மட்டும் நேர நண்டில தொடங்குது.

— அது வந்துக்கா... அன்னைக்கு டெஸ்ட் எடுக்க மறந்துட்டேன்.

— ஓ, மறந்திட்டீங்கள். "ஜெகதீஷ் மூச்செடுக்க மறந்தாலும் ரெக்கோட் பண்ண மறக்காது" எண்டு இவர் சொல்லுறவர். சும்மா சொல்லியிருப்பார்.

— இல்ல, எடுத்தேன். கார்டு கரப்ட் ஆயிடுச்சு. முதல் ஒரு நிமிஷம் மட்டும் ஓப்பன் ஆகல.

— முதல் மறந்தது, இப்ப கார்ட் பழுது. இன்னும் ரெண்டு மிடறு குடியுங்கோ, நண்டு கொண்டு போனது எண்டும் சொல்லுவீங்கள்.

— அக்கா...

— நான் பொலிஸ் இல்ல, ஜெகதீஷ். பொய் சொல்லுறதெண்டா கொஞ்சம் வடிவாச் சொல்லுங்கோ, இந்தக் காத்துக்குள்ள நிண்டு கேக்கிற எனக்கும் ஒரு மரியாதை இருக்கு.

— இருக்குக்கா. அந்த கிளிப் என் ஃபோன்லயே இருக்கு. ஒரு நிமிஷம் பத்து செகண்ட். நான்தான் வெட்டி எடுத்தேன். அழிக்கலாம்னு எத்தனையோ தடவை பட்டன் வரைக்கும் போயிட்டேன், முடியல. போட்டுப் பார்க்கவும் முடியல.

— போடுங்கோ.

— வேணாம்க்கா, நானே சொல்லிடறேன். என் வாயாலயே கேட்டுடுங்க. அண்ணா அந்தப் படியில உக்காந்திருந்தார். நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தார். "இதில ஒரு பாரம் வைச்ச மாதிரிக் கிடக்கு, தம்பி"ன்னார். நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு சிரிக்கிறேன். "கேஸ்ணா, வேற ஒண்ணுமில்ல"ன்னு சொல்றேன். என் பையில எப்பவும் கேஸ் மாத்திரை இருக்கும். ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். அதை மென்னுக்கிட்டே தண்ணில எறங்கினார்.

— பிறகு?

— கீழ போனப்புறம் நான் அவரைப் பார்க்கலக்கா. நண்டைத்தான் பார்த்துட்டிருந்தேன். ஒண்ணு ஓட்டுக்குள்ளயிருந்து வெளிய வந்துட்டிருந்துச்சு. பதினோரு நிமிஷம் அசையாம எடுத்தேன். திரும்பிப் பார்த்தா அண்ணாவோட லைட்டு மட்டும் மண்ணுல கெடந்து எரியுது. கொஞ்சம் தள்ளி அவர்... அந்த ஷாட் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு.

— ஓம், பாத்தனான். நல்ல படம். எட்டு வருசமா ரெண்டு பேரும் தவங்கிடந்த படம். திவசத்தண்டு அதைத்தான் முதல் போடோணும்.

— திட்டுங்கக்கா. விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க, தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவதுன்னு சொன்னாரான்னு. நல்லா இருந்தார்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல உங்ககிட்டயும் அதையே சொன்னேன். சத்தியமா, பயந்துட்டேன்க்கா.

— அண்டைக்கிருந்து நான் உங்களோட எப்பிடிக் கதைச்சனான்?

— எல்லார் முன்னாடியும் கேட்டீங்க, "பக்கத்தில நிண்ட மனுசன் தெரியேல்ல, நண்டு தெரிஞ்சுதோ"ன்னு. நியாயம்தானே. நீங்க பதினாறு வருஷமா இதய வார்டுல நர்ஸ். படியில நின்னு உங்களுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா, அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருப்பீங்க. அண்ணா இன்னைக்கு இங்க நின்னு என்னைத் திட்டிட்டிருப்பார்.

— வேற என்ன சொன்னவர்?

— அவ்வளவுதான்க்கா.

— ஒரு நிமிசம் பத்து செக்கனில இவ்வளவுதானோ? வடிவா யோசியுங்கோ. என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ? அதைக் கேக்கத்தான் நான் வந்தனான்.

— மாத்திரை குடுக்கும்போது நான் கேட்டேன், "அக்காகிட்ட சொன்னீங்களா"ன்னு. இல்லைன்னு தலையாட்டினார். "கமலினிக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டாள்"னார். ஒரு எழுத்து மாத்தாமச் சொல்றேன்.

— அப்பிடியே சொன்னவர்?

— நம்பலைன்னா இருங்க, போடறேன். கேளுங்க.

— வேண்டாம், ஜெகதீஷ். போனை வையுங்கோ. அண்டைக்கு விடிய நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்க, இவர் குசினிக்குள்ள வந்து, "நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்கு, கமலினி" எண்டு சொன்னவர். நான் திரும்பியும் பாக்கேல்ல. "வாய்வுதான். போய் உங்கட நண்டுகளுக்கு ஏப்பம் விட்டுக் காட்டுங்கோ" எண்டனான்.