பகுதிநேரச் சிப்பாய்களைப் படமெடுத்த முருகலட்சுமி

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆவணப்படக் குழுவின் தலைவர் செல்லத்துரை அவர்களே, முன்வரிசையில் மாலையிட்ட மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா பாண்டீஸ்வரி அவர்களே, எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருக்கும் கரிமூட்டத் தொழிலாளர்களே, அருப்புக்கோட்டைப் பெருமக்களே! வணக்கம். நான் ஜெபக்குமார். இயக்குநர் முருகலட்சுமியின் ஒளிப்பதிவாளன்.

அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் எதைப் பற்றியது? பிராந்திய ராணுவத்தின் பகுதிநேரச் சிப்பாய்கள் அன்றாடம் வாழும் வாழ்க்கையைப் பற்றியது. அழைப்பு வந்தால் சீருடை. பணி முடிந்தால் பழைய பிழைப்பு. இதோ இருக்கிறாரே மாரிக்கண்ணன், இவர் அப்படிப்பட்ட சிப்பாய். ஊரில் இருக்கும்போது கருவேல விறகை மண்மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டத் தொழிலாளி. சீருடையிலும் சரி, கரி படிந்த லுங்கியிலும் சரி, இவர் பின்னாலேயே நடந்தார் முருகலட்சுமி.

"ராணுவப் படம்னா துப்பாக்கி வேணும்மா. இவரு என்ன, துணி துவைக்கிறாரு, சோறு திங்கிறாரு?" என்று கேலி பேசியவர்கள் உண்டு. "துப்பாக்கி பிடிக்கிறவுகளும் சோறு திங்கணும்ல?" என்பார், சிரித்துக்கொண்டே.

எல்லையோர முகாமில் ஒரு காலை. சமையல் கொட்டகையருகே பீரங்கிக் குண்டு விழுந்தது. மண்ணும் தகரமும் பறந்தன. சற்றுமுன் எங்களோடு பேசியபடி மாவு பிசைந்த வீரருக்கு, வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை! நாங்களெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தோம். எழுந்து ஓடியவர் முருகலட்சுமி. துப்பட்டாவை உருவி, ரத்தம் பீறிட்ட இடத்தை இறுக்கிக் கட்டினார். மாரிக்கண்ணன் அந்த வீரரைத் தோளில் தூக்கினார். அவர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு தொலைக்காட்சிக்காரர் முருகலட்சுமியிடம் போனில் கேட்டார்: "குண்டு வெடிச்சதப் பிடிச்சீங்களா?"

"இல்ல. அந்தக் கை மாவு பிசைஞ்சதப் பிடிச்சிருக்கேன்."

அதுதான் முருகலட்சுமி!

பீரங்கிக்குத் தப்பி வந்த அந்தப் பெண்ணை எங்கே பறிகொடுத்தோம்? எல்லையிலா? இல்லை ஐயா, இல்லை! நம் மண்ணில், நம் கண்மாய்க்கரையில்!

கண்மாய்க் கருவேலத்தை யார் வெட்டுவது என்று ஒரு தகராறு. அதற்காக அரிவாள்களோடு ஒரு கும்பல், நாங்கள் படமெடுத்துக்கொண்டிருந்த மூட்டம் போடும் இடத்துக்குள் புகுந்தது. முதல் வெட்டு தொழிலாளி வெள்ளத்துரையின் தோளில். அவர் சரிந்து விழுந்தார். மறுபடி அரிவாள் ஓங்கியபோது முருகலட்சுமி குறுக்கே பாய்ந்தார். கேமரா முக்காலியைத் தூக்கித் தடுத்தார். இரும்பில் இரும்பு மோதியது. அடுத்த வெட்டு அவர் கழுத்தோரம் இறங்கியது.

மாரிக்கண்ணன் வெட்டியவனை மடக்கித் தரையில் சாய்த்தார். அவன் அரிவாளையே பிடுங்கினார். நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஓங்கினார். "ஏலே, போடுலே! அவன முடிச்சுருலே!" என்று சுற்றிலும் கூச்சல். மண்ணில் கிடந்த முருகலட்சுமி கைநீட்டினார்.

"அண்ணே... அதக் கீழ போடுங்க. என்னையத் தூக்குங்க."

அரிவாள் கரிக்குவியலில் போய் விழுந்தது. தங்கையாகவே நினைத்தவரை அள்ளிக்கொண்டு ஷேர் ஆட்டோவை நோக்கி ஓடினார் மாரிக்கண்ணன். டவுனு வந்து சேருமுன்னே, அவர் மடியிலேயே மூச்சு நின்றது.

வெட்டியவன் இன்று சிறையில் இருக்கிறான். ஆனால் மயானத்தில் என்ன நடந்தது? "ஒரு உசுருக்கு ரெண்டு உசுரு எடுப்போம்" என்று சில தம்பிகள் கொதித்தார்கள். மாரிக்கண்ணன் அவர்கள் முன் போய் நின்றார்.

"எடுக்கணும்னா அன்னைக்கே நான் எடுத்திருப்பேன்லே. என் கையில இருந்துச்சு. எந்தங்கச்சி வேணாம்னுருச்சு."

தம்பிகளே! அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் அந்த அரிவாள்தான் வருகிறது. ஆனால் முருகலட்சுமியின் பெயரைச் சொல்லி வெட்ட எவனுக்கு உரிமை இருக்கிறது?

கட்டுப் போட்ட தோளோடு வெள்ளத்துரை வந்திருக்கிறார். மிரட்டல் வந்தும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வேன் என்கிறார். அவர் தனியாகப் போகக் கூடாது. கூண்டு வரைக்கும் நாம் கூட நடப்போம். பாதியில் நிற்கும் படத்தை முடிப்போம். எடுத்து முடித்து இந்த ஊரில்தான் முதலில் போடுவோம்!

மாரிக்கண்ணனுக்கு மறுபடி பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. திங்கட்கிழமை ரயில். "இனிமே யாரு எங்கூட வருவா?" என்று கேட்டார். "நான் வாரேண்ணே" என்றேன்.

பாண்டீஸ்வரி அம்மா, உங்கள் மகள் ஏறியிருக்க வேண்டிய ரயில் அது. அவர் இடத்தில் நான் உட்கார்ந்து போகிறேன். போய் வா என்று சொல்லுங்கள்.