ஹிசாயோ கடையின் நீலச் சட்டை

நீலச் சாயத் துணியை வெந்நீரில் போடக் கூடாது. உங்கள் ஆட்கள் எடுத்துப்போன சட்டையை யாராவது துவைப்பதாக இருந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் ஐயா. பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். என் மனைவி அப்படித்தான் வைத்திருந்தாள்.

நான் படித்தவனில்லை. கோழியைக் குச்சியில் குத்திக் கரியில் சுடுவேன், அவ்வளவுதான். ஒசாகாவில் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற அந்தச் சந்தில் என் கடையைத் தெரியாதவர் கிடையாது. வாசல் திரையில் ‘ஹிசாயோ’ என்று எழுதியிருக்கும். அது என் மனைவியின் பெயர். இடம் அவள் அப்பா கொடுத்தது. மகள் பெயரை வைத்தால்தான் தருவேன் என்றார், வைத்தேன்.

கடைச் சட்டை என்றால் பொத்தான் இல்லாத, முன்பக்கம் திறந்த நீலச் சட்டை. முதுகில் கடையின் பெயர். எங்கள் சந்தில் அதற்கு ஒரு முறை உண்டு. அதைப் போட்டவர், கழற்றும்வரை கடையின் ஆள். மாஸ்டர் சொன்னதைச் செய்ய வேண்டும். அடி வாங்கினால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் அதில் மூக்கை நுழைக்க மாட்டார். என் மாஸ்டர் என்னை இடுக்கியால் அடித்தபோது சந்தே பார்த்துக்கொண்டு நின்றது. பிற்பாடு அப்படி நானும் நின்றிருக்கிறேன். என் கடையில் அந்தச் சட்டையைப் போட்டவர்கள் இரண்டே பேர், நானும் அவளும்.

அவள் இறந்தது கடையில்தான். காலையிலேயே நெஞ்சு என்னவோ செய்கிறது என்றாள். சட்டையைப் போட்டபிறகு அப்படிச் சொல்வது எங்கள் கடையில் வழக்கமில்லை. ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் விழுந்தாள். அடுப்பில் இருந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். கருகினால் வீண்தானே. அதன்பின் அவள் சட்டையை அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தேன். யாரும் தொட்டதில்லை.

கடைப் பெயரில் பனியன் அடித்து விற்றது என் மகள் கொத்தோமி. பனியன், தொப்பி, துணிப்பை, எல்லாவற்றிலும் அம்மா பெயர்.

“கடைக்கு நாலு பேரு வருவாங்கப்பா. இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க.”

“பசிக்கிறவன் வரட்டும். போதும்.”

“பசிச்சு வர்ற பழைய ஆளுங்க எல்லாம் வரிசையா செத்துக்கிட்டு இருக்காங்களேப்பா.”

வந்தார்கள், கூட்டமாக. ஒருவன் முதுகில் ஏதோ மலை விடுதியின் பெயர். அந்த மலை எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாது. ஒருத்தி தலையில், அவள் பிறக்கும் முன்பே மூடிப்போன மதுக்கடையின் தொப்பி. வாங்குவார்கள், வாசலில் நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு குச்சி தின்ன மாட்டார்கள். ஒருநாள் ரயிலில் ஒருவன் என் மனைவி பெயர் போட்ட பனியனோடு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பினேன். யார் அந்த ஹிசாயோ என்று என்னையே கேட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குப் பற்றியது அணையவே இல்லை.

செகாவா அந்தக் கூட்டத்தில் ஒருவன். முப்பது வயதிருக்கும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவன் சாப்பிடுவான். வீடு நிறைய ஓட்டல் சட்டைகளாகச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். எதற்கடா என்று கேட்டேன்.

“நான் வேலை பாக்குறது வீட்டுல தனியா உக்காந்து, மாஸ்டர். எங்க கம்பெனி ஆளுங்க மூஞ்சியையே நேர்ல பாத்ததில்ல. ஒரு கடை பேரை முதுகுல போட்டுக்கிட்டு நடந்தா, நாமளும் ஏதோ ஒரு இடத்து ஆளுன்னு தோணும்.”

“ஆளா இருக்கணும்னா வேலை செய்யணும்டா.”

“குடுங்க, செய்றேன்,” என்று சிரித்தான்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் கேட்டதுதான்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், கடை திறக்கும் முன். நான் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தால், செகாவா என் மனைவியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஒரே ஒரு படம்னு கொத்தோமிகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன், மாஸ்டர். பழசோட அழகே தனி. இந்தக் கையில பாருங்க, கருகின ஓட்டை. இதெல்லாம் எந்தக் கடையிலயும் கிடைக்காது.”

அந்த ஓட்டை இடுக்கி சூடாக இருந்த ஒரு நாளில் விழுந்தது. அது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் கத்தவில்லை. கரி மூட்டையை எடுத்து வா என்றேன். எடுத்து வந்தான். தரையைத் துடை என்றேன். துடைத்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மூட்டையிலிருந்து ஒரு துண்டுக் கரி கீழே விழுந்தது. இடுக்கியால் கையில் ஒன்று போட்டேன். “மன்னிச்சிருங்க மாஸ்டர்,” என்று சிரித்தபடியே தலை குனிந்தான். அதுவும் சட்டையோடு சேர்ந்து வருவது என்று நினைத்தான்போல. சரியாகத்தான் நினைத்தான்.

அடுத்த அடிக்குச் சிரிக்கவில்லை.

முன்வாசல் வழியாகச் சந்துக்கு ஓடினான். நானும் போனேன். எதிர்க்கடையில் டோஃபு விற்கிற முராகி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். செகாவா போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

“ஐயா, நான் இந்தக் கடை ஆளு இல்லீங்க. சும்மா போட்டுக்கிட்டேன்.”

முராகி அவன் முதுகைப் பார்த்தார். “மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க,” என்றார். என்னிடம், “புது ஆளா? இந்தக் காலத்து ஆளுங்களுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது,” என்றார். தொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முறை தெரிந்த மனிதர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சட்டையைக் கழற்றத்தான் பார்த்தான். மாஸ்டர் சொல்லாமல் கழற்றக் கூடாது.

கடைசியில் அவன் மூச்சில்லாமல் குப்புறக் கிடந்தான். முதுகில் பெயர் தெரிந்தது. சட்டையை நானே கழற்றி மடித்தேன். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன், கடை திறக்கும் நேரமாகிவிட்டிருந்தது. கொத்தோமி வந்து பார்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டாள்.

என் மனைவியின் பெயரைச் சந்தி சிரிக்க வைத்தார்கள். அதை நான் காப்பாற்றினேன். காரணம் என்று எழுதுகிற இடத்தில் இதை எழுதுங்கள். இன்று காலை கொத்தோமி வந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். உட்காரவில்லை.

“அம்மாவைப் பேரு சொல்லி ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கீங்களாப்பா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு கேள்வியா ஐயா. பெயர் சொல்லிக் கூப்பிட என்ன தேவை? அடுப்புக்கு முன்னால் நின்று ‘ஏய்’ என்பேன், எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். விழுந்தாளே, அன்றைக்கு மட்டும் எத்தனை முறை கூப்பிட்டும் வராமல் தரையிலேயே கிடந்தாள். அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.