ஒத்திகையில் நான்தான் கைதி

ஞாயிறு பள்ளி நாற்காலிகள் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை, சார். பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கால் வந்து தாடையை விசாரிக்கும். எங்கள் சிறை ஊழியப் பயிற்சி அந்த நாற்காலிகளில்தான் நடந்தது. முதல் நாள் தையல்காரர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது. அதைக் கழற்றுவதற்குச் சபையே திரண்டு வந்து இழுத்தது. சபை என்றால் நானும் போதகரும். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். முன்னால் ரோடு, பின்னால் கூட்டம், பேசுவதற்கு ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மொத்தத்தையும் சேர்த்துப் பேசுகிறேன். சபையில் என் பட்டப்பெயர் 'பத்து மடங்கு'. நான் சொல்வதைப் பத்தால் வகுத்தால் உண்மை வருமாம். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம். வகுக்கக் கூடாத இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

பயிற்சியில் நாங்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, தையல்காரர், கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு தம்பி, நான். என் மனைவி ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

போதகர் விதிகளை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் எனக்கு இன்னொரு முறை தலை நரைத்தது. பெல்ட் கூடாது, செல்போன் கூடாது, சென்ட் கூடாது. கைதி எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 'சீக்கிரம் வெளியே வந்துடுவீங்க' என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வழக்கைப் பற்றிக் கேட்கவே கூடாது.

"நாம வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. ஆத்துமாவைப் பார்க்கப் போறோம்" என்றார்.

"ஆத்துமாவைப் பார்க்கத்தானா பாஸ்டர் பெல்ட்டைக் கழட்டச் சொல்றீங்க?" என்றேன். நர்ஸ் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அடுத்தது சாட்சி. உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுந்து தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். "நல்லவங்க பேச்சை அவங்க கேட்க மாட்டாங்க. உடைஞ்சவங்க பேச்சைத்தான் கேட்பாங்க. உங்ககிட்ட உடைஞ்ச இடம் எதுன்னு யோசிச்சிட்டு வாங்க" என்றார் போதகர்.

தையல்காரரிடம் குடி இருந்தது; முதல் தரமான சாட்சி. நர்ஸ் அக்காவை அவர் புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தார். கல்லூரித் தம்பி வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒரு பரீட்சையில பார்த்து எழுதினேன்" என்றார்.

"தம்பி, இதைச் சொன்னீங்கன்னா அவங்க உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவாங்க" என்றார் நர்ஸ் அக்கா.

என் முறை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. என் சாட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் மைத்துனனை, அதாவது என் மனைவியின் தம்பியை, எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு பிளம்பர் தள்ளிக் கொன்றான் என்று தீர்ப்பாகியிருந்தது. அந்தப் பிளம்பர் இருந்தது நாங்கள் போகப்போகும் அதே சிறையில். "நான் அவனைப் பார்த்து, மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்" என்றேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையல்காரர் வாய்விட்டு அழுதார். அந்த அறையில் கண்ணீர் வெள்ளம் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலே தண்ணீர் போனபோது நான் பஸ்ஸை இறக்கி ஓட்டினேன். தண்ணீர் முன்கண்ணாடி வரை ஏறியது. வைப்பரில் ஒரு மீன் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எங்கே சொன்னாலும் எடுபடும் கதை. என் மைத்துனன் இருக்கும் இடத்தில் மட்டும் எடுபடாது. ஏனென்றால் அந்த பஸ்ஸில் கண்டக்டர் அவன்தான்.

"அத்தான், டயர்கூட முழுசா நனையலை. நான் பின் படியில நின்னுட்டிருந்தேன்" என்பான்.

கோபமாகச் சொல்ல மாட்டான். டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறை கொடுப்பது போலச் சொல்வான். ஓய்வு பெற்றதும் தனிக்கட்டையாக எங்கள் மாடி அறைக்கே குடிவந்தான். கல்யாண வீடு, துக்க வீடு, சபை விருந்து, நான் எங்கே வாயைத் திறந்தாலும் பக்கத்தில் அவன் இருந்தான். நூறு பேர் என்றால் பதினொரு பேர் என்பான். கடைசியில் என் பேத்தி, அவளுக்கு மீன் கதை என்றால் உயிர், ஒரு நாள் என் மடியிலிருந்து இறங்கி, "இருங்க தாத்தா, நிஜமா என்ன நடந்துச்சுன்னு சின்னத் தாத்தாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று மாடிப்படி ஏறிப் போனாள். திரும்பி வரவே இல்லை. மேலே அவன் பஸ் நேர அட்டவணையை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சார். நேர அட்டவணைக்கு.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன்.

சிறைக்குள் போவதற்கு முன்னால் ஒருவர் கைதியாக நடிக்க வேண்டும், மற்றவர்கள் பேசிப் பழக வேண்டும் என்பது போதகரின் முறை. கைதி வேடத்துக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்றார் கல்லூரித் தம்பி.

"ஜெயிலுக்குள்ள எவன்டா நல்லா இருப்பான்?"

தம்பி மிரண்டு போய்ப் போதகரைப் பார்த்தார். நான் விடவில்லை. "நான் ஒண்ணும் செய்யலை. அநியாயமா பிடிச்சுப் போட்டுட்டாங்க."

"ஐயோ, அப்படியா? அப்பீல் பண்ணியிருக்கீங்களா?"

போதகர் கையைத் தட்டி நிறுத்தினார். "இங்கதான் எல்லாரும் சறுக்குவீங்க. உள்ள இருக்கிற முக்கால்வாசிப் பேர் செய்யலைன்னுதான் சொல்வாங்க. வாதாடாதீங்க. நம்பி உருகவும் உருகாதீங்க. 'செய்யாததை விடுங்க, செஞ்சதைச் சொல்லுங்க'ன்னு மெதுவா கேளுங்க. எந்த மனுஷன்கிட்டயும் ஏதோ ஒண்ணு இருக்கும். மனசுல பகை வெச்சாலே அது கொலைக்குச் சமம். அந்த நுனியைப் பிடிச்சு இழுத்தா முழுசும் வரும்."

நர்ஸ் அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஊசி போட்டுப் பழகிய கை. வலிக்கும் முன்பே எடுத்துவிடுவார். "செய்யாததை விடுங்க தம்பி. செஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். பெரியவர் ஒருவர் மொட்டைமாடிச் சுவரோரம் நின்றார், தள்ளினேன் என்றேன். "தள்ளினப்ப அவரோட ஒரு செருப்பு கழண்டு மேலயே நின்னுடுச்சு. அதை எடுத்துக்கிட்டு கீழ வந்து வாசல் ஸ்டாண்டுல வெச்சேன். செருப்பு கண்ட இடத்துல கிடந்தா எனக்குப் பிடிக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். "ஐயா, எங்கேருந்து பிடிக்கிறீங்க இதையெல்லாம்?" என்று தையல்காரர் என் தோளை உலுக்கினார். ஜன்னல் பக்கம் மட்டும் கைதட்டல் இல்லை. என் மனைவி டம்ளரில் டீ வழிந்து வெளியே ஓடுவது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குப் போய், விளக்கைப் போட்டதும் கேட்டாள். "அன்னைக்கு என் தம்பி கால்ல ஒரு செருப்புதான் இருந்துச்சு. இன்னொண்ணை நம்ம ஸ்டாண்டுல நான்தான் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டகூட."

"நடிக்கும்போது வாயில வந்ததும்மா."

"நீங்க எதுவா இருந்தாலும் பெருசாத்தானே சொல்லுவீங்க? இது ரொம்பச் சின்னதா இருந்துச்சு" என்றாள்.

பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு தன் தம்பி இருந்த மாடி அறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருடத்தில் என் கதையை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

சிறையில் கூட்டம் நடந்த இடம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. பிளம்பர் கடைசி வரிசையில் இருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்; இங்கே நான் கூட்டவில்லை. நான் எழுந்து மன்னித்துவிட்டேன் என்றதும் காவலர்கள்கூடக் கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"ஐயா, நான் ஒண்ணும் செய்யலை ஐயா. கீழ மோட்டார்கிட்ட குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். 'தொப்'புன்னு சத்தம் கேட்டுத்தான் எழுந்து பார்த்தேன். அப்பீல் வருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை. "செய்யாததை விடு தம்பி. செஞ்சதைச் சொல்லு" என்றேன்.

வாரா வாரம் போனேன். மற்றவர்கள் வராத வாரமும் போனேன். முதலில் அவன் அழுதான். பிறகு யோசிக்க ஆரம்பித்தான். அன்று காலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பற்றி என் மைத்துனன் அவனையும் திருத்தியிருக்கிறான். 'தண்ணி கசியும், குழாய் மரையில நூல் சுத்தினது பத்தாது' என்று. இவன் தெருவுக்கே கேட்கும்படி, 'இன்னொரு வார்த்தை பேசினா தூக்கிக் கீழ போட்டுடுவேன்' என்று கத்தியிருக்கிறான். வழக்கே அந்த வார்த்தையில்தான் நின்றது. நான் நீதிமன்றத்தில் சொன்னதும் அவ்வளவுதான்: சண்டை போட்டான், மாடியில் இருந்தான், கையில் பைப் ரெஞ்ச் இருந்தது. மூன்றும் உண்மை. என் வாழ்க்கையில் ஒரு சொல் கூட்டாமல் நான் பேசியது அன்று ஒரு நாள்தான். எத்தனை மணிக்கு மாடியில் இருந்தான் என்பதை வக்கீல்களும் குடைந்து கேட்கவில்லை.

"கீழ போடணும்னு மனசுல நினைச்சேன் ஐயா. அது நிஜம்" என்றான் ஒரு வாரம்.

"அதுதான் ஆரம்பம்" என்றேன்.

இன்னும் சில வாரம் போனதும், "நான் இறங்கும்போது அவரை ஒட்டித்தானே வந்தேன். என் தோள் இடிச்சிருக்குமோ ஐயா?" என்றான்.

"யோசிச்சுப் பாரு" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் அவனை ஒரு முறைகூட வற்புறுத்தவில்லை.

போன மாதம் அவன் சிறை அதிகாரியிடம் போய், நான்தான் தள்ளினேன், அப்பீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். அவன் மகள் பார்க்க வந்திருக்கிறாள். "அப்பா செய்யலைன்னு ஸ்கூல்ல எல்லார்கூடவும் சண்டை போட்டேனேப்பா" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவன் முகம் சமாதானமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸை டெப்போவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தபின் வருமே ஓர் அமைதி, அதுபோல இருந்தது.

போதகர் இந்தச் செய்தியை ஆராதனையில் அறிவித்தார். ஆலயம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. என் மனைவி எழுந்தாள், கைதட்டாமல் நடுவழியாக நடந்து வெளியே போனாள். மறுநாள் காலை உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். செருப்பைப் பற்றி அவள் சொன்னது அத்தனையும் சரி.

இனி வகுக்க வேண்டாம், சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். சண்டைச் சத்தம் அடங்கியதும் நான் மாடிக்குப் போனேன். பிளம்பர் அதற்கு முன்பே இறங்கி மோட்டாருக்குப் பின்னால் போயிருந்தான். மைத்துனன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அத்தான், அவன் சும்மாதான் சத்தம் போட்டான். நீங்க பாட்டுக்கு வெட்டு குத்துன்னு பேத்திகிட்ட சொல்லி வைக்காதீங்க" என்றான். நான் இன்னும் கதையைத் தொடங்கவே இல்லை. அதற்குள் திருத்திவிட்டான். ஒரு கையால்தான் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. அவன் கத்தவும் இல்லை. ஆமாம், நான்தான் செய்தேன். பேத்தி இப்போது மறுபடியும் என்னிடம்தான் கதை கேட்கிறாள். மீன் இருந்ததா என்று கேட்பதில்லை.

எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சிறைக்குள் அவனுக்கு ஞானஸ்நானம். பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்று அவனே ஆசைப்பட்டுக் கேட்டான். நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் என்னிடம் இதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்காகச் சொல்லவில்லை, அந்த ஆத்துமாவுக்காகச் சொல்கிறேன். எவ்வளவு பாடுபட்டு அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. இப்போதே அவனை வெளியே விட்டீர்கள் என்றால், தான் ஒன்றும் செய்யவில்லை என்று மறுபடியும் நினைக்க ஆரம்பித்துவிடுவான், சார்.